சிறுநீரகத்துக்கு மட்டுமா அந்த இயந்திரம்?

"டொக்டர், ஈரலிலைதானே பிரச்சினை எண்டு சொன்னனீங்கள். பிறகேன் டயலிசிஸ்?"

அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகளின் வாசலில் எழக்கூடிய கேள்விதான் இது. கேட்பவர்மீது பிழையில்லை. டயலிசிஸ் என்பது எமது சமூகத்தில் சிறுநீரக நோயோடு ஒட்டிப் பிறந்த சொல்லாகிவிட்டது. அநுராதபுரம், பொலன்னறுவை, வவுனியா ஆகிய மாவட்டங்களின் விவசாயக் குடும்பங்களை 1990களிலிருந்து வாட்டிவரும், காரணம் அறியப்படாத சிறுநீரக நோய் அந்தச் சொல்லைக் குக்கிராமங்கள் வரை கொண்டு சேர்த்தது. வாரத்தில் இரண்டு மூன்று தடவை வைத்தியசாலைக்குச் சென்று, நான்கு மணித்தியாலம் இயந்திரத்தோடு பிணைக்கப்பட்டுக் கிடந்து, உயிருள்ளவரை அதைத் தொடர வேண்டும் என்பதே மக்கள் மனதில் அச்சொல்லுக்குள்ள பொருள். ஆகவே, 'டயலிசிஸ் செய்யப் போகிறோம், கையொப்பமிடுங்கள்' என்று வைத்தியர் கேட்டதும் குடும்பத்தினர் திகைக்கிறார்கள். நல்ல சிறுநீரகத்தையும் கெடுத்துவிடப் போகிறார்களோ என்று ஐயுறுகிறார்கள். வெளிநாட்டிலுள்ள அண்ணரைக் கேட்டுச் சொல்கிறோம் என்கிறார்கள். அண்ணர் தொலைபேசியை எடுப்பதற்குள் இரவு கழிந்துவிடுகிறது.

இரத்தத்தில் அமோனியா ஏறிக்கொண்டிருக்கும் ஒரு நோயாளிக்கு அந்த ஓர் இரவு மிக நீண்டது. நான் மருத்துவம் படித்தவன் அல்லன். ஆயினும், நெருக்கடி நேரத்தில் ஒரு குடும்பத்தின் முடிவை ஒரு சொல் தீர்மானிக்கிறது என்றால், அந்தச் சொல்லின் பொருளைத் தெளிவுபடுத்துவது பத்திரிகைக்காரனுக்கும் உரிய வேலைதான் என்று கருதுகிறேன்.

நாம் உண்ணும் புரதம் உடைக்கப்படும்போது வெளிப்படும் கழிவுகளுள் ஒன்று அமோனியா. குடலில் வாழும் பற்றீரியாக்களும் குடற்சுவரின் கலங்களும் அதைப் பெருமளவில் உண்டாக்குகின்றன. அது நேரே ஈரலுக்குச் செல்கிறது. ஈரல் அதை யூரியாவாக மாற்றுகிறது. யூரியாவைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. இந்த மாற்றம் ஒரு சுழற்சியாக நடைபெறுகிறது என்பதை ஜேர்மனியின் பிறைபேர்க் நகரில் ஹான்ஸ் கிரெப்சும் கேர்ட் ஹென்செலைற்றும் 1932இல் கண்டறிந்தார்கள். ஆனால், ஈரலைத் தாண்டிச் செல்லும் இரத்தம் மூளையை என்ன செய்யும் என்பது அதற்கும் நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே தெரிந்திருந்தது. நாயையும் மணியையும் வைத்துச் செய்த ஆய்வுகளால் நம்மெல்லோருக்கும் தெரிந்த பவ்லோவ், 1893இல் சென்பீற்றர்ஸ்பேர்க்கில் தம் சகாக்களோடு வேறொரு பரிசோதனையும் செய்தார். குடலிலிருந்து ஈரலுக்குச் செல்லும் பெரிய நாளத்தை நாய்களில் திசைதிருப்பி, இரத்தம் ஈரலுக்குள் புகாமலே உடலுக்குள் ஓடும்படி செய்தார்கள். அந்த நாய்களுக்கு இறைச்சி கொடுக்கப்பட்டபோது அவை வெறிகொண்டன, தள்ளாடின, வலிப்பு வந்து நினைவிழந்தன. ஈரல் செயலிழந்தால் முதலில் பாதிக்கப்படுவது மூளை என்பதை அந்த நாய்கள் அன்றே காட்டிவிட்டன.

ஆரோக்கியமான ஒருவரின் இரத்தத்தில் அமோனியாவின் அளவு லீற்றருக்கு ஏறத்தாழ 50 மைக்குரோமோலுக்குள் இருக்கும். ஈரல் திடீரெனச் செயலிழக்கும்போது அது 100ஐத் தாண்டும், 200ஐயும் தாண்டும். மூளையில் நரம்புக் கலங்களுக்குத் துணையாக நிற்கும் நட்சத்திர வடிவக் கலங்கள் அந்த அமோனியாவைப் பிடித்துக் குளுட்டமினாக மாற்றுகின்றன. குளுட்டமின் கூடக் கூடக் கலத்துக்குள் நீர் புகுகிறது. கலம் வீங்குகிறது. மண்டையோடு விரிந்து கொடுப்பதில்லை. வீங்கிய மூளைக்கு இடமில்லாமற்போய், மூளைத்தண்டு கீழ்நோக்கி அமுக்கப்படும்போது மூச்சும் இதயமும் நின்றுவிடும். டென்மார்க் ஆய்வாளர்கள் 1999இல் வெளியிட்ட ஆய்வொன்று, நாடி இரத்தத்தில் அமோனியா 146 மைக்குரோமோலுக்கு மேலிருந்த நோயாளிகளே இவ்வாறு மூளை அமுக்கத்தால் பெரும்பாலும் இறந்தார்கள் என்று காட்டியது. டில்லியின் அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிறுவகத்தினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில் 124 என்ற எல்லையைத் தாண்டியவர்களுக்கு மரண ஆபத்து அதிகமென்று கண்டார்கள். எண்கள் சிறிது வேறுபடலாம். சொல்லும் செய்தி ஒன்றுதான்.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைக் கூறாவிடின் வாசகர்களைத் தவறான வழியில் இட்டுச் சென்றவனாவேன். மதுவினாலோ நீண்டகால வைரஸ் தொற்றினாலோ ஈரல் சுருங்கிப்போன நோயாளிகள் நம்மிடையே பலர் உள்ளனர். அவர்களுக்கும் அமோனியா கூடும், மயக்கம் வரும். ஆனால், ஆண்டுக்கணக்கில் பழகிப்போன அவர்களின் மூளைக் கலங்கள் வேறு உப்புக்களையும் கரைபொருட்களையும் வெளியே தள்ளி வீக்கத்தைச் சமாளிக்கக் கற்றுக்கொண்டிருக்கும். அவர்களுக்கு மலமிளக்கியாகிய லக்டியுலோசும் சில நுண்ணுயிர்க் கொல்லிகளும், மயக்கத்தைத் தூண்டிய காரணத்துக்குரிய சிகிச்சையும் பெரும்பாலும் போதுமானவை. நான் பேசுவது, கடந்த வாரம்வரை நல்ல ஈரலோடு நடமாடியவரைப் பற்றி. பரசிட்டமோல் அளவு மீறியதால், அல்லது கடுமையான வைரஸ் தொற்றினால், அல்லது நஞ்சினால் சில நாட்களுக்குள் ஈரல் சரிந்தவர். அவரது மூளைக்குப் பழகிக்கொள்ள அவகாசமே கிடைப்பதில்லை. லக்டியுலோஸ் குடலில் நின்று வேலை செய்யும் மருந்து. ஏற்கெனவே இரத்தத்தில் ஏறிய அமோனியாவை அது வந்து அள்ளிச் செல்லாது.

அள்ளிச் செல்லக்கூடியது அந்த இயந்திரம். யூரியாவின் மூலக்கூற்று நிறை 60. அமோனியாவினது 17. யூரியாவை வடிகட்டும் மென்சவ்வினூடாக அமோனியா தடையின்றிக் கடந்துவிடும் என்பதை விளங்கிக்கொள்ளப் பெரிய விஞ்ஞான அறிவு தேவையில்லை. சல்லடையின் கண்ணுக்கு அது எந்த உறுப்பின் கழிவு என்பது தெரியாது. சிறுநீரகத்துக்குரியது இது, ஈரலுக்குரியது அது என்று பிரித்து வைத்திருப்பது நாம்தான்.

டயலிசிஸின் முதல் வெற்றியே ஒரு மூளையை விழிக்கச் செய்ததுதான் என்பதை இங்கே நினைவூட்டலாம். நாஜிகளின் ஆக்கிரமிப்பின் கீழிருந்த நெதர்லாந்தில், கம்பன் என்ற சிறுநகர வைத்தியசாலையில் வில்லெம் கோல்ப் 1943இல் தம் இயந்திரத்தை நோயாளிகளில் பயன்படுத்தத் தொடங்கினார். (எங்கள் கம்பனுக்கும் அந்த ஊருக்கும் யாதொரு சம்பந்தமுமில்லை.) மரச் சட்டங்களாலான உருளையில், இறைச்சிக்கடைகளில் சொசேஜ் சுற்றப் பயன்படும் செலோபேன் குழாயைச் சுற்றிச் செய்த கருவி அது. ஆரம்பத்தில் சிகிச்சை பெற்றவர்களுள் ஏறக்குறைய எல்லோரும் இறந்துபோயினர். 1945இல் நினைவிழந்த நிலையில் கொண்டுவரப்பட்ட 67 வயதுப் பெண்ணொருவர் பல மணித்தியாலச் சிகிச்சையின் பின் கண் விழித்துப் பேசினார். பின்னர் சில ஆண்டுகள் வாழ்ந்தார். அவரது சிறுநீரகம் தானாகவே மீண்டது. இயந்திரம் கொடுத்தது இடைக்காலத்தை மட்டுமே. எமது குடும்பங்கள் அஞ்சுவதுபோல் அது ஆயுட்காலத் தண்டனையாக ஆரம்பித்ததல்ல. அவ்வாறு மாறியது பின்னாளில், நாட்பட்ட சிறுநீரக நோயாளிகளுக்கு அது வழங்கப்படத் தொடங்கிய பிறகே.

1977இல் ஜேர்மனியின் கோற்றிங்கன் நகரில் பீற்றர் கிராமர், இரத்தத்தை மெதுவாக, இடைவிடாது, நாள் முழுவதும் வடிகட்டும் முறையொன்றை அறிமுகப்படுத்தினார். இன்று அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகளில் கட்டிலருகே நிற்கும் தொடர் சுத்திகரிப்பு இயந்திரங்கள் அதன் வழித்தோன்றல்களே. அமோனியா நோயாளிக்கு இந்த 'மெதுவாக' என்ற சொல் முக்கியமானது. சாதாரண நான்கு மணித்தியால டயலிசிஸ் அமோனியாவை வேகமாக இறக்கிவிடும். ஆனால், இயந்திரத்தை நிறுத்தியதும் அது மீண்டும் ஏறும். அத்துடன், இரத்தத்திலுள்ள கரைபொருட்கள் திடீரெனக் குறையும்போது நீர் மூளைக்குள் பாய்ந்து வீக்கத்தைக் கூட்டிவிடவும் கூடும். ஏற்கெனவே வீங்கிக்கொண்டிருக்கும் மூளைக்கு அது விஷப்பரீட்சை.

சரி, பலன் உண்டா? அமெரிக்காவில் திடீர் ஈரல் செயலிழப்பு நோயாளிகள் 1,186 பேரின் 1998 முதல் 2016 வரையான பதிவுகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு இவ்விடயத்தில் மிகவும் எடுத்தாளப்படுவது. முதல் நாளுக்கும் மூன்றாம் நாளுக்குமிடையே அமோனியா, தொடர் சுத்திகரிப்புப் பெற்றவர்களிடம் 38 வீதமும், விட்டுவிட்டுச் செய்யும் டயலிசிஸ் பெற்றவர்களிடம் 23 வீதமும், எதுவும் பெறாதவர்களிடம் 19 வீதமும் குறைந்திருந்தது. தொடர் சுத்திகரிப்புப் பெற்றவர்களிடையே, ஏனைய காரணிகளைக் கணக்கில் எடுத்த பின்னரும், மாற்று ஈரலின்றி 21 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்புக் குறைவாயிருந்தது. விட்டுவிட்டுச் செய்யப்பட்டவர்களிடையே அது கூடுதலாயிருந்தது. லண்டன் கிங்ஸ் கல்லூரி வைத்தியசாலையின் நீண்டகாலப் பதிவுகளும் உள்ளன. 1980களின் நடுப்பகுதியிலிருந்து இறுதிவரை அங்கு வந்த இத்தகைய நோயாளிகளில் 76 வீதமானோருக்கு மண்டைக்குள் அழுத்தம் உயர்ந்திருந்தது. 2004 முதல் 2008 வரையான காலத்தில் அது 20 வீதமாகக் குறைந்தது. இந்த மாற்றம் முழுவதையும் ஓர் இயந்திரத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. நோயாளிகள் முன்னதாகவே வந்து சேர்ந்தார்கள், பராமரிப்பு மேம்பட்டது, ஈரல் மாற்றுச் சிகிச்சை வந்தது. எனினும், தொடர் சுத்திகரிப்பும் அந்தப் பராமரிப்பின் ஒரு பகுதிதான்.

எதிர்க்கட்சிக்கும் நியாயம் உண்டு. மேற்சொன்னவை பதிவேடுகளைப் பின்னோக்கிப் பார்த்துச் செய்த ஆய்வுகள். நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து ஒப்பிட்டவை அல்ல. மிக மோசமான நிலையிலிருந்தோர் ஒரு பக்கமும் தேறக்கூடியவர்கள் மறுபக்கமும் சேர்ந்துவிட்டிருக்க இடமுண்டு. கழுத்திலோ தொடையிலோ தடித்த குழாய் செருகுவது, இரத்தம் உறையும் தன்மையே குலைந்துபோன ஈரல் நோயாளிக்கு ஆபத்தற்றதல்ல. இவற்றையெல்லாம் தெரிந்துகொண்டுதான் ஐரோப்பிய ஈரலியல் சங்கம் தனது 2017 வழிகாட்டியில், அமோனியா தொடர்ந்து உயர்ந்திருந்தால் சுத்திகரிப்பை முன்கூட்டியே ஆரம்பிப்பதைக் கருத்திற்கொள்ளுமாறு கூறியது. அமெரிக்காவின் இரைப்பைக் குடலியல் கல்லூரி 2023இல் மேலும் தெளிவாகச் சொன்னது: குழப்பமும் மயக்கமும் இரண்டாம் நிலையை எட்டிவிட்டால், வழமையான சிறுநீரகக் காரணங்கள் இல்லாவிடினும் தொடர் சுத்திகரிப்பை ஆரம்பிக்கலாம். சிறுநீரகக் காரணங்கள் இல்லாவிடினும் என்ற அந்தச் சொற்றொடரைத்தான் நான் நோயாளியின் உறவினர்களுக்கும், ஏன், சில வைத்தியசாலை நிர்வாகங்களுக்கும் சத்தமாக வாசித்துக் காட்ட விரும்புகிறேன். கிரியற்றினின் ஏறட்டும், சிறுநீர் குறையட்டும், அதன் பின் பார்க்கலாம் என்று காத்திருப்பது, வீட்டின் கூரை எரியும்போது கிணற்றடிக்குத் தீ வரட்டும் என்று நிற்பதைப் போன்றது.

இதில் இன்னொரு தரப்பும் உண்டு. அவர்களால் எதையும் கேட்க முடியாது. பிறந்து இரண்டு மூன்று நாட்களான சிசுக்கள். யூரியாச் சுழற்சிக்கு வேண்டிய நொதியங்களுள் ஒன்று பிறவியிலேயே குறைவாயிருக்கும் குழந்தை, தாயின் வயிற்றிலிருக்கும்வரை எந்தக் குறையுமின்றி வளரும். தாயின் உடல் அதன் கழிவை ஏற்றுக்கொள்கிறது. பிறந்து பால் குடிக்கத் தொடங்கியதும் அமோனியா ஏறுகிறது. குழந்தை பால் மறுக்கும், சோர்ந்து துவளும், மூச்சு வேகமாகும், பின்னர் வலிப்பு. இவையெல்லாம் கிருமித் தொற்றின் அறிகுறிகளும்கூட. ஆகவே, கிருமிக்கு மருந்து கொடுக்கப்படுகிறது. அமோனியா பார்க்கப்படுவதில்லை. இந்தக் குறைபாடுகளில் பெரும்பாலானவை தாய், தந்தை இருவரிடமிருந்தும் மரபணு வந்து சேரும்போது தோன்றுபவை. மச்சான், மச்சாள் முறையில் மணம் முடிக்கும் வழக்கம் இன்னமும் உள்ள நம் சமூகத்தில், முதற் குழந்தை காரணம் தெரியாமல் முதல் வாரத்தில் இறந்திருந்தால், இரண்டாவது குழந்தை சோர்வடையும் அந்த நிமிடமே அமோனியாவை அளக்க வேண்டும். அளவு 500 மைக்குரோமோலைத் தாண்டினால் சுத்திகரிப்புத் தேவை என்பது குழந்தை மருத்துவ வழிகாட்டிகள் பொதுவாகக் கூறும் எல்லை. விரைந்து ஏறும்போது அதுவரை காத்திருக்கவும் கூடாது. இக்குழந்தைகள் மயக்கத்தில் எவ்வளவு நேரம் கிடந்தார்கள் என்பதற்கும் பின்னாளில் அவர்களின் அறிவு வளர்ச்சிக்கும் நேரடித் தொடர்பிருப்பதை அமெரிக்க ஆய்வொன்று 1984இலேயே காட்டியது. உயிர் தப்பினால் மட்டும் போதாது. எத்தனை மணித்தியாலத்தில் தப்பினார்கள் என்பதும் கணக்கு.

இலங்கைக்கு வருவோம். 2017இல் இந்நாட்டில் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலுக்கு இலக்காகினர். டெங்கு ஈரலையும் தாக்கும். காய்ச்சல் விடவில்லையே என்று பனடோலைக் கூட்டிக் கொடுப்பது நம் வீடுகளில் சர்வசாதாரணம். வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளில் 500 மில்லிகிராம் குளிகைகள் எட்டு என்பதே உச்ச எல்லை. நலிந்த ஈரலுக்கு அதுவும் கூடுதல். தடிமலுக்கென வாங்கும் வேறு குளிகைகளிலும் அதே மருந்து கலந்திருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. காக்காய் வலிப்புக்குக் கொடுக்கப்படும் வல்புரோயேற் என்ற மருந்தும் ஈரலைக் கெடுக்காமலே அமோனியாவை உயர்த்தக்கூடியது. ஆகவே, அமோனியா ஏதோ மேலைநாட்டு ஆடம்பர நோய் என்று ஒதுக்குவதற்கில்லை.

ஆனால், தொடர் சுத்திகரிப்பு இயந்திரம் எங்கே இருக்கிறது? பெரிய நகர வைத்தியசாலைகள் சிலவற்றில். அதற்குரிய வடிகட்டித் தொகுதிகள் விலைகூடியவை. 2022இன் பொருளாதார நெருக்கடியில் சாதாரண மருந்துகளுக்கே அல்லாடியதை நாம் மறக்கவில்லை. ஆதலால், எல்லா மாவட்டத்துக்கும் ஒன்று வாங்குங்கள் என்று எழுதிவிட்டுப் போவது எனக்குச் சுலபம், நடைமுறைக்கு உதவாது. மாறாக, சிறுநீரக நோயாளிகளுக்காக மாவட்ட வைத்தியசாலைகளில் ஏற்கெனவே இருக்கும் சாதாரண இயந்திரத்தையே இரத்த ஓட்டத்தைக் குறைத்து, எட்டு முதல் பன்னிரண்டு மணித்தியாலம் மெதுவாக ஓடவிடும் முறையொன்று உள்ளது. உலகின் பல நாடுகளில், இந்தியாவிலும், அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகள் அதைக் கையாள்கின்றன. தொடர் சுத்திகரிப்புக்கு முற்றிலும் ஈடாகாது. ஆனால், அம்புலன்ஸில் நூறு மைல் ஆடியசைந்து செல்லும் நோயாளியின் மூளையைவிட, இருக்கும் இடத்திலேயே மெதுவாக அமோனியா இறங்கும் மூளைக்கு வாய்ப்பு அதிகம் என்றே எண்ணுகிறேன். இதற்கு வேண்டியது புதிய இயந்திரமன்று. இரவில் இயந்திரத்தருகே நிற்கப் பயிற்றப்பட்ட ஒரு தாதியும், 'சிறுநீரகப் பிரிவின் சொத்து, ஈரல் நோயாளிக்குத் தர முடியாது' என்ற விதியை ஒதுக்கி வைக்கும் நிர்வாகமும்தான்.

அதற்கும் முன்னால் ஒரு படி இருக்கிறது. அமோனியாவை அளந்தால்தானே இதெல்லாம். அந்தப் பரிசோதனை சாதாரண இரத்தப் பரிசோதனை போன்றதல்ல. எடுத்த இரத்தம் அறை வெப்பத்தில் கிடந்தால் அதற்குள்ளேயே அமோனியா ஊறிக்கொண்டிருக்கும். கையை இறுக்கிக் கட்டி, முட்டியை மடக்கச் சொல்லி எடுத்தாலும் அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். கட்டை இறுக்காமல் எடுத்து, உடனே ஐஸில் வைத்து, கால் அல்லது அரை மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்தில் பரிசோதித்துவிட வேண்டும். பிழையாக எடுத்த மாதிரிகளின் பிழையான எண்களைக் கண்டு சலித்த வைத்தியர்கள் அந்தப் பரிசோதனையையே கைவிட்டுவிடுவதும் உண்டு. மாவட்ட வைத்தியசாலை ஒன்றின் ஆய்வுகூடம் ஞாயிறு இரவு பதினொரு மணிக்கும் அமோனியா பார்க்குமா, விடுதியில் ஐஸ் இருக்குமா, இரத்தத்தை ஓடிக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு சிற்றூழியர் இருப்பாரா என்பவற்றைச் சுகாதார அமைச்சு விசாரித்து அறிவதற்கு வெளிநாட்டுக் கடனுதவி எதுவும் தேவைப்படாது.